கொன்றை தொங்கவிட்ட மஞ்சள்

அந்தக் காலத்தில் மரத்துக்கும் வாய் இருந்தது. விலங்குகளும் பறவைகளும் பேசுகிற பேச்சுக்கு மரங்களும் சரிக்குச் சரி பதில் பேசிக்கொண்டிருந்தன. புளியமரம் ஊர்வம்பு பேசும். இலந்தை கிட்டே போனாலே குத்திக் குத்திப் பேசும். பனையிடம் எதைக் கேட்டாலும், "என்னது? மேலே காத்து அடிக்குது, காதுல விழல" என்று தப்பித்துக்கொள்ளும். கொன்றைக்கு மட்டும் ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வரும். "சரி."

"அக்கா, உன் அடிமரத்துல முதுகைச் சொறிஞ்சுக்கட்டுமா?"

"சரி."

"அக்கா, போன வருஷம் உன்கிட்டதானே கூடு கட்டினேன்? இந்த வருஷம் என் கொழுந்தன் குடும்பமும் வருது."

"சரி, வரட்டும்."

அப்போது கொன்றைக்கு மஞ்சள் பூ கிடையாது. மூக்குத்திக் கல் அளவுக்கு வெள்ளையாக ஏதோ பூக்கும். அதைத் தேனீயே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இலைக்குக் குறைவில்லை. வருஷம் பூராவும் கொழுகொழுவென்று பச்சைக் குடை விரித்தது போல நிற்பாள். பார்க்கிறவர்கள், "கொன்றைக்கு என்னப்பா, வசதியான மரம்" என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் கொன்றைக்கு உச்சிக்கிளை வரைக்கும் குளிர்ந்துவிடும்.

அந்தக் காட்டில் கொடுக்கல் வாங்கல் உண்டு. கடன் கொடுக்கிற பெரிய கைகள் மூன்று. கரடியார் தன் குகையில் கிழங்கு குவித்து வைத்திருந்தார். தேனீத் தலைவி மலைமுகட்டில் அடை அடையாகத் தேன் வைத்திருந்தாள். கரையான் ராணியிடம் புற்றுமண் இருந்தது. வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் அவள் வாசலில்தான் நிற்க வேண்டும். கடனுக்கு ஒரு சட்டமும் இருந்தது. வாங்கியவர் திருப்பிக் கொடுக்காவிட்டால், கொடுத்தவர் அவர் உடம்பில் தனக்குப் பிடித்த உறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

பாம்பு அப்படித்தான் கரடியாரிடம் நான்கு கால்களையும் பறிகொடுத்தது. தவளையின் வால் கரையான் ராணியிடம் போனது. நண்டு பாவம், தேனுக்குத் தலையையே கொடுத்தது.

"தலையை எடுத்துட்டா கண்ணை எங்கே வெச்சுக்குவேன்?" என்று நண்டு அழுதது.

"தோள்மேல வெச்சுக்கோ" என்றாள் தேனீத் தலைவி. இன்றைக்கும் நண்டு அங்கேதான் வைத்திருக்கிறது.

இதையெல்லாம் பார்த்த மற்றவர்கள் என்ன செய்தார்கள்? தவணை நெருங்கினால் ஓடிப்போனார்கள். ஓடுகிறவனின் காலை எப்படி எடுப்பது? முதலில் அவனைப் பிடிக்க வேண்டுமே. கரடியார் ஒரு முயலைத் துரத்தி மூன்று மலை தாண்டிப் போய், மூச்சு வாங்கி, வெறுங்கையோடு திரும்பி வந்து, குகை வாசலில் பாறாங்கல்லை உருட்டிப் போட்டார். "இனிமே யாருக்கும் ஒரு கிழங்கு கிடையாது." மற்ற இருவரும் அப்படியே கதவடைத்தார்கள்.

காடு முடங்கிப்போனது. பெட்டை முட்டை வைக்கிற பருவம் வந்தும் இருவாச்சிப் பறவைக்குப் பொந்து அடைக்க மண் இல்லை. கல்யாணம் பேசி முடித்தவர்கள் விருந்துக்குக் கிழங்கில்லாமல் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். எல்லாரையும்விட அதிகமாகத் தவித்தவன் மொந்தன் என்கிற குரங்கு. அவனுக்கு வீடும் கட்ட வேண்டாம், கல்யாணமும் வேண்டாம். தேன் நக்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

மொந்தன் மலைமுகட்டுக்கு ஏறிப்போய்க் கேட்டான். "தலைவியம்மா, வாங்கினவன் ஓடிப்போறான்னுதானே பயப்படறீங்க? ஓடவே முடியாத ஆள் ஒருத்தர் பின்னாடி நின்னு, 'அவன் தராட்டி நான் தர்றேன்'னு சொன்னா குடுப்பீங்களா?"

"ஓடவே முடியாத ஆள் யாருடா இருக்கா?"

"மரம்."

தேனீத் தலைவி முகட்டிலிருந்து கீழே நின்ற மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "மரத்தைக் கேட்டுட்டு வா" என்றாள்.

மொந்தன் ஆலமரத்திடம் போனான். "என் விழுது நூத்தி எட்டும் சம்மதிக்கணும். ஒவ்வொண்ணாக் கேட்டுட்டு வா" என்றது ஆல். மொந்தன் ஏழாவது விழுதோடு களைத்துப்போனான். புளியமரம் அவன் வாயைத் திறப்பதற்குள், "உங்க அப்பன் என்கிட்ட வாங்கின பழத்துக்கே இன்னும் வழியைக் காணோம்" என்றது. பனைக்குக் காது கேட்கவில்லை. கடைசியில் கொன்றையிடம் வந்தான்.

"பெரியக்கா, உன்கிட்ட ஒரு உதவி."

பெரியக்கா! இதுவரை யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நீ எதையும் குடுக்க வேண்டாம். யாராவது கடன் கேட்டா, பின்னாடி நான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவங்க எப்படியும் திருப்பிக் குடுத்துடுவாங்க. உனக்குப் பேரு மிச்சம்."

கொன்றை என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

சொன்னதற்கு அடையாளமாக ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தாள். அந்த இலை யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் கொன்றை ஜாமீன் என்று ஏற்பாடானது. தேனீத் தலைவி இலையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு ஓர் அடைத் தேன் கொடுத்தாள். செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. கரடியார் குகை வாசல் பாறையை உருட்டி விலக்கினார். கரையான் ராணி வாசலைத் திறந்தாள்.

அப்புறம் கொன்றையின் அடியில் தினமும் திருவிழாதான். இருவாச்சி மண்ணுக்கு வந்தது. மயில் தோகைக்கு மெருகு பூச மூன்று அடைத் தேன் கேட்டது. நரி கிழங்கு வாங்கி, அதை இன்னொருவருக்கு அதிக வட்டிக்கு விட்டது. ஆந்தைகூட ஒரு குவியல் மண் வாங்கியது.

"நீ எங்கே கூடு கட்டுறே? பொந்துலதானே இருக்கே?" என்று கேட்டாள் கொன்றை.

"எல்லாரும் வாங்கறாங்க, நானும் வாங்கறேன்" என்றது ஆந்தை.

"சரி" என்று இலையைக் கிள்ளினாள் கொன்றை.

மொந்தன் கூடவே இருந்து யார் யாருக்கு எவ்வளவு என்று பேசி முடிப்பான். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு விரல் தேன் அவனுக்குத் தரகு. நாளடைவில் அவன் உட்கார்ந்த கிளை வளைந்து தொங்க ஆரம்பித்தது. எத்தனை இலை கொடுத்தோம் என்று கொன்றை ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்று கிள்ளினால் இரண்டு துளிர்க்கிறது, இதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாரும், "பெரியக்கா சௌக்கியமா?" என்று தலை வணங்கிவிட்டுப் போனார்கள். தலை இல்லாத நண்டுகூட உடம்பை ஒரு சாய் சாய்த்துவிட்டுப் போனது.

இப்படி மூன்று வருஷம். நான்காம் வருஷம் ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. மேகம் வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டது. கார்த்திகையும் காய்ந்தது. தையில் ஓடை வற்றியது. மண்ணுக்குள் கிழங்கு விரல் போலச் சுருங்கியது. பூவே இல்லாத காட்டில் தேனுக்கு எங்கே போவது? கடன் கொடுத்தவர்களுக்கே அடுப்பு எரியாத நிலை. கொடுத்ததைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

மயில், மாமியாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தோகையைச் சுருட்டிக்கொண்டு போனது. இருவாச்சி குடும்பத்தோடு மேற்கே பறந்தது. நரி யாரிடமும் சொல்லவில்லை. ஆந்தை பகலிலேயே கிளம்பி, கண் தெரியாமல் இரண்டு பாறையில் முட்டிக்கொண்டு, எப்படியோ எல்லை தாண்டிவிட்டது. கடைசியாகப் போனவன் மொந்தன்.

"அக்கா, தண்ணி குடிச்சுட்டு இப்போ வந்துடறேன்" என்றான்.

"ஓடைதான் வத்திப்போச்சே?"

"அதான் கொஞ்சம் தள்ளிப் போய்க் குடிக்கிறேன்" என்று அவளுடைய கிளையிலிருந்தே ஒரு தாவு தாவி அடுத்த மரத்துக்கும், அங்கிருந்து அதற்கு அடுத்ததற்கும் போய்க்கொண்டே இருந்தான். புள்ளியாகிற வரைக்கும் கொன்றை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறமும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவளால் வேறு என்ன செய்ய முடியும்?

அன்றைக்குத்தான் அவள் தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். வேரை நீட்டி நீட்டித் தடவினாள். ஈரம் விரலளவுதான் இருந்தது. ஆனால் மற்ற மரங்கள் வாடி வதங்கி நிற்கும்போது கொன்றை மட்டும் இலையை விடவில்லை. கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் உறிஞ்சி இலைக்கு அனுப்பினாள். இலை வாடினால் ஊர் என்ன பேசும்? பெரியக்கா நொடித்துப்போனாள் என்று பேசும். அதற்கு உள்ளுக்குள் காய்ந்துபோவதே மேல் என்று நினைத்தாள்.

பங்குனி மாதம் ஒரு காலையில் மூன்று பேரும் வந்தார்கள். கரடியார் அக்குளில் ஒரு கட்டு இலை. தேனீத் தலைவிக்குப் பின்னால் இலை சுமந்த கூட்டம். கரையான் ராணியோ இடத்தைவிட்டு நகராதவள். அவளைப் பிள்ளைகள் பல்லக்குப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன பெரியக்கா, சௌக்கியமா?" என்று ஆரம்பித்தார் கரடியார். குரலில் சௌக்கியம் இல்லை. "இலை பூரா உன்னோடதுதானே?"

"என்னோடதுதான்."

"கொடுத்ததை எடுத்து வை."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் கரடியண்ணே. மழை வரட்டும்."

"மழை வரும்போது நான் இருக்கணுமே? பசி உயிர் போகுது. உன்னைப் பார்த்தா வாட்டமாவே தெரியலையே, இத்தனை பச்சையா நிக்கறே? வசதி இருந்தும் இல்லேங்கறியா?"

கொன்றை பச்சையாக நின்றதே பழியாகிவிட்டது.

"சட்டம் இருக்கு, ஏன் பேசிக்கிட்டு?" என்றாள் தேனீத் தலைவி. "அடிமரத்தை நான் எடுத்துக்கறேன். குடைஞ்சு கூடு வெச்சுக்கலாம்."

"பட்டை எனக்கு. மெல்லவாவது ஆகும்" என்றார் கரடியார்.

"பட்டையை உரிச்சா மரம் செத்துப்போகும். செத்த மரம் சாஞ்சா என் கூடு என்னத்துக்கு ஆகும்?"

"அது உன் பாடு."

கரையான் ராணி மட்டும், "எனக்கு அவசரமே இல்லை. நீங்க ரெண்டு பேரும் எடுத்தது போக மிச்சத்தைக் குடுத்தாப் போதும்" என்று தேனொழுகச் சொன்னாள்.

கரடியார் சந்தேகமாகத் திரும்பினார். "அதெப்படி? செத்த மரம் பூரா உனக்குத்தானே தீனி? அவ சாகணும்னுதானே காத்துக்கிட்டிருக்கே?"

"சே சே" என்றாள் கரையான் ராணி. ஆனால் பல்லக்குத் தூக்கிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எச்சில் ஊறியது.

யார் முதலில் எடுப்பது என்று அங்கேயே சண்டை மூண்டது. இரண்டு நாள் நடந்தது. நடுவில் கரடியார் பொறுமை இழந்து ஒரு நகக் கீறலில் ஒரு கைப்பிடிப் பட்டையை உரித்தேவிட்டார். கொன்றை அலறிய அலறலில் புளியமரம் வம்பையே மறந்து வாயை மூடிக்கொண்டது.

மூன்றாம் நாள் மத்தியானம், மூவரும் சண்டை போட்டுக் களைத்துக் கண் அயர்ந்திருந்தபோது, கொன்றை ஒரு காரியம் செய்து பார்த்தாள். ஓடிப்போகப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்க வேரை மண்ணிலிருந்து இழுத்தாள். ஒரு சாண் மேலே வந்தது. புழுதி பறந்தது. உயிரே கழன்று வருவது போல வலித்தது.

"அங்கே என்னடி பண்றே?" என்றது புளியமரம்.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு" என்றாள் கொன்றை.

வேரைத் திரும்ப மண்ணுக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட உள்ளே தண்ணீர் இல்லை. ஓடியவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. தனக்குக் கால் இருந்திருந்தால் மயிலுக்கு முன்னாலேயே ஓடியிருப்பாள் என்பதும் தெரிந்தது. கால் இல்லை. இங்கேதான் நிற்க வேண்டும். நிற்பது என்று ஆனபிறகு எதற்காக இந்தப் பச்சையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது.

கரடியார் கண்விழித்து நகத்தைத் தீட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, முடிவா என்ன சொல்றே? பங்குக்கு ஒப்புக்கிறியா?"

கொன்றை வாயைத் திறந்தாள். பழக்கத்தில் 'ச' என்று வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"முடியாது."

கரடியார் காதைக் குடைந்துகொண்டார். "என்ன சொன்னே?"

"முடியாதுன்னேன். உங்க கடனை என்னால தீர்க்க முடியாது. என்கிட்ட ஒண்ணும் இல்ல. இருக்கிற மாதிரி காட்டிக்கிட்டு நின்னேன். பாருங்க."

சொல்லிவிட்டு, பிடித்துவைத்திருந்த இலை அத்தனையையும் ஒரே உதறலில் விட்டாள்.

இலை மழை. கரடியார் கழுத்துவரை மூழ்கிப்போனார். கரையான் ராணியின் பல்லக்கு காணாமல் போய், பிள்ளைகள் தோண்டி எடுத்தார்கள். எல்லாம் அடங்கி நிமிர்ந்து பார்த்தால், அங்கே கொன்றை என்று ஒரு குச்சி நின்றது. ஒல்லியான அடிமரம், பக்கத்துக்கு நாலு கோணல் கிளை. அந்தக் குடைக்குள்ளே இருந்தது இவ்வளவுதான்.

காடே பார்த்தது. கொன்றைக்கு வேர்வரை கூசியது.

"இந்தக் குச்சியை நம்பியா மூணு வருஷத் தேனையும் கொட்டிக் குடுத்தேன்!" என்று வாயில் அடித்துக்கொண்டாள் தேனீத் தலைவி.

"நானும் இந்தக் குச்சியை நம்பித்தான் அத்தனை இலையையும் குடுத்தேன்" என்றாள் கொன்றை. "இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். கரடியண்ணே, பாம்போட கால் நாலையும் எடுத்தீங்களே, அதை வெச்சு என்ன பண்ணினீங்க?"

கரடியார் தலையைச் சொறிந்தார். "ஒண்ணும் பண்ணல. குகை மூலையில கிடக்குது."

"தலைவியம்மா, நண்டோட தலை?"

"எறும்பு தின்னுடுச்சு."

கரையான் ராணியைக் கேட்கவில்லை. அவளே, "தவளை வாலை எங்கே வெச்சேன்னே தெரியல" என்றாள்.

"கால் இருந்திருந்தா பாம்பு உழைச்சுக் கிழங்கைத் திருப்பியிருக்கும். காலும் போச்சு, கிழங்கும் போச்சு. என்னையும் வெட்டிப் போடுங்க. ஒரு வேளைப் பட்டை, ஒரு காத்துக்குத் தாங்காத கூடு. அதோட சரி." கொன்றை மூச்சு வாங்கினாள். இவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. "வேரையும் அடிமரத்தையும் மட்டும் விட்டுடுங்க. கீழே கிடக்கிற இலை கரையானுக்கு. இனிமே ஒவ்வொரு கோடைக்கும் கொட்டறேன். இலைக்குப் போற தண்ணி மிச்சமாகும். அதை வெச்சு என்ன விளையுதோ, அது உங்க ரெண்டு பேருக்கும். எனக்குன்னு ஒண்ணும் ஒளிச்சு வெச்சுக்க மாட்டேன். ஆனா முழுசும் தீரும்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்தேன்."

கரையான் ராணி ஓர் இலையைக் கடித்துப் பார்த்தாள். ஒருமுறை தின்று தீர்க்கிற மரமா, வருஷாவருஷம் விழுகிற இலையா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்று பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் ஏற்கனவே தின்ன ஆரம்பித்திருந்தார்கள்.

மூவரில் ஒருத்தி சாய்ந்தபிறகு மற்ற இருவருக்கும் வேறு வழியில்லை. ஆனாலும் கரடியார் விடவில்லை. "நீ நொடிச்சுப்போனது ஊருக்கெல்லாம் தெரியணும். இனிமே ஒருத்தனும் உன் ஜாமீனை நம்பி ஏமாறக் கூடாது. தூரத்துலேருந்து பார்த்தாலே தெரியற மாதிரி ஒரு அடையாளம் உன்மேல தொங்கணும்."

"என்ன நிறத்துல?" என்றாள் கரையான் ராணி.

"கறுப்பு" என்றார் கரடியார். அவருக்குத் தெரிந்த நிறம் அதுதான்.

"மஞ்சள்" என்றாள் தேனீத் தலைவி. "இலை பழுத்து முடிஞ்சா அதுதானே நிறம்? மஞ்சளைப் பார்த்தா, இனி இங்கே ஒண்ணுமில்லேன்னு எல்லாருக்கும் புரியும்."

கொன்றை குனிந்த தலை நிமிராமல் ஒப்புக்கொண்டாள்.

சித்திரை பிறந்தது. மிச்சமிருந்த விரலளவு ஈரத்தில் ஒரு சின்ன மஞ்சளை, யார் கண்ணிலும் அதிகம் படாதபடி, ஒரு கிளை ஓரமாகத் தொங்கவிட்டாள். கரடியார் அந்தப் பக்கம் மேட்டில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கத்தினார்.

"தெரியல! இன்னும் பெருசா!"

இன்னும் கொஞ்சம் விட்டாள்.

"இடதுபக்கம் ஒண்ணையும் காணோம்! ஏமாத்தறியா? எல்லாக் கிளையிலயும் தொங்கணும்! நீளமா!"

அவள் அழுதுகொண்டே விட்டாள். முழ நீளத்துக்குச் சரம் சரமாக, கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி. ஓர் இலை குறுக்கே இல்லை. உச்சி முதல் அடிவரை மஞ்சள்தான்.

பெரியக்கா நொடித்துப்போன அழகைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று காடே திரண்டு வந்தது. வந்தவர்கள் வாயைத் திறந்தார்கள். திறந்தபடியே நின்றார்கள். சிரிப்பு வரவில்லை. பொன்னை உருக்கிக் கொடியில் காயப்போட்டது போல அவள் நின்றாள். காய்ந்து கருகிய அந்தக் காட்டில் கண்ணுக்கு இதமாக இருந்தது அது ஒன்றுதான்.

"அடியே," என்றது புளியமரம், "கடன்பட்டா இப்படியா ஆகும்? எனக்கும் யாராவது ஜாமீன் கேளுங்கப்பா!"

தேனீத் தலைவி ஒரு பூவில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, இதுல தேன் இருக்குதே. இது அடையாளம்தானே? குடிக்கலாமா?"

"அதுதான் உங்க பங்கு" என்றாள் கொன்றை.

கொஞ்ச நேரத்தில் மரம் முழுக்க ரீங்காரம் கிளம்பியது. பசியில் செத்துக்கொண்டிருந்த கூட்டம் அந்தக் கோடையைத் தாண்டிவிட்டது.

ஆடியில் மழை வந்தது. கொன்றைக்குப் புதுத் துளிர் விட்டது. அதில் ஓர் இலைகூட யாருக்கும் வாக்குக் கொடுத்த இலை அல்ல. மழை வாசனை பிடித்து வெளியூர் மான் ஒன்று வந்து, "அக்கா, ஒரு இலை குடேன், கரடிகிட்ட கிழங்கு வாங்கணும்" என்றது.

"முடியாது" என்றாள். அந்த வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது, "மழை நின்னுடுமா?" என்று கேட்டால்கூட, "முடியாது" என்றாள்.

கரடியாரின் பங்குதான் பாக்கி. பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாக நீளநீளமாகக் காய் தொங்கியது. அவர் தினமும் வந்து அண்ணாந்து பார்த்தார். "பழுத்துதா?" "இன்னும் இல்லண்ணே." மார்கழியில் கேட்டார், தையில் கேட்டார். பங்குனியில் காய் கறுத்து விழுந்தது. அவர் ஆசைப்பட்ட நிறம்தான்.

உடைத்துப் பார்த்தார். உள்ளே காசு அடுக்கியது போல வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு விதை, அதைச் சுற்றிக் கறுப்பாகத் தித்திக்கும் குழம்பு. ஓர் அறை பெரிது, ஓர் அறை சின்னது என்று இல்லை.

"எதுக்கு இத்தனை சுவர் எடுத்திருக்கே?"

"அளவு தப்பக் கூடாதுன்னுதான். ஒரு நாளைக்கு ஒரு காய் உங்க பங்கு."

"ஒரு வருஷம் காக்க வெச்சதுக்கு வட்டி?" என்று உறுமிவிட்டு, கரடியார் அங்கேயே உட்கார்ந்து நாற்பது காயைத் தின்றார்.

கொன்றைக் காய்க்குள் இருக்கும் அந்தத் தித்திப்பு வயிற்றுக்குள் போய் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கரடியாருக்குத் தெரியாது. சாயங்காலம் ஆரம்பித்தது. ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்கு ஓடினார். அங்கிருந்து ஓடைக்கரைக்கு. அங்கிருந்து மேட்டுக்கு. மூன்று நாளில் அவர் உட்காராத இடம் காட்டில் பாக்கியில்லை. விழுங்கிய விதையும் அங்கங்கே இறங்கியது. நாலாம் நாள் பாதியாக இளைத்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மிச்சக் கணக்கு இருக்குதேண்ணே" என்றாள் கொன்றை.

"ஒரு மிச்சமும் இல்ல தாயி" என்றார் கரடியார். "தீர்ந்துது. எல்லாம் தீர்ந்துது. இனிமே தினம் ஒரு காய், அதுவும் பசிச்சா."

அடுத்த மழைக்கு ஓடைக்கரையிலும் மேட்டிலும் புதர் புதராகக் கொன்றைக் கன்று முளைத்தது.

இது நடந்து சில வருஷம் கழித்து, ஒரு கோடை மத்தியானம், மாடக்கண்ணு என்கிற உப்பு வியாபாரி காட்டுக்குள் தலைதெறிக்க ஓடி வந்தான். கடன் வாங்கி உப்பு ஏற்றிப் போனவன்; போன ஐப்பசி ஆற்று வெள்ளத்தில் மாடும் போய், உப்பும் கரைந்துபோயிருந்தது. கடன்காரர்கள் தேடுகிறார்கள் என்று பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். ஒரு மரத்தடியில் விழுந்து, மூச்சு வாங்கி, நிமிர்ந்து பார்த்தான். மேலே முழுக்க மஞ்சள்.

மனிதருக்கும் மரத்தின் பேச்சு அப்போது புரியும். கொன்றை நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் வாயைப் பிளந்து கேட்டான்.

"எல்லாரும் பார்க்க இப்படித் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிறியே தாயி, வெக்கமா இல்லையா?"

"முதல் நாள் செத்துடலாம் போல இருந்துது" என்றாள் கொன்றை. "ரெண்டாம் நாள் கொஞ்சம் குறைஞ்சுது. மூணாம் நாள் தேனீ வந்துடுச்சு, வேலை வந்துடுச்சு. நீ எவ்வளவு தூரம் ஓடி வந்தே?"

"ஏழு காதம்."

"இன்னும் எவ்வளவு ஓடணும்?"

மாடக்கண்ணு யோசித்தான். அவனுக்குத் தெரியவில்லை. வெயில் தாழ்ந்ததும் எழுந்து, வந்த வழியே நடந்தான். ஊர் எல்லையில் ஓலை ஒன்று வாங்கி, இருக்கிற பாத்திரம் பண்டத்தையும் இல்லாத மாட்டையும் எழுதி, மேலே மஞ்சளை அரைத்துப் பூசினான். கடன்காரர்கள் கூடி நின்ற தன் வீட்டு வாசலுக்குப் போனான். ஓலையை நீட்டினான்.

கரடியார் அடையாளம் கேட்ட வருஷத்திலிருந்துதான் கோடை பிறந்ததும் கொன்றை தன் இலையையெல்லாம் கொட்டிவிட்டு மஞ்சளைத் தொங்கவிடுகிறது. மாடக்கண்ணு ஓலை நீட்டிய நாளிலிருந்துதான் கடன் தீர்க்க வழியில்லாதவரும் ஊரைவிட்டு ஓடாமல் மஞ்சள் கடுதாசி கொடுக்கிறார்.